கிரான்பெர்ரி வயலுக்கு வாழ வந்தவருக்கு

திருமணமாகி வந்த முதல் வாரத்தில் மாமனார் என்னை வயலுக்கு அழைத்துப்போனார். குனிந்து ஒரு கொடியைத் தூக்கிக் காட்டி, "இது என் தாத்தா நட்டது" என்றார். அந்த ரகத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். அவர் சொன்னதோ கையில் இருந்த அதே கொடியை. புளிப்பான சிறு சிவப்புப் பழம் தரும் கிரான்பெர்ரி, ஆண்டுதோறும் விதைத்து அறுக்கும் பயிரல்ல. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நூறாண்டு தாண்டியும் காய்க்கும். நட்டவர் போய்ச் சேர்ந்திருப்பார், கொடி இருக்கும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கார்வர், வேர்ஹாம், பிளிமத் ஊர்களைச் சுற்றி இப்படிப் பரம்பரையாக வயல் வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய. அப்படி ஒரு குடும்பத்துக்குள் நீங்கள் மருமகளாகவோ மருமகனாகவோ வந்திருக்கலாம். அல்லது நகரத்து வேலையை விட்டுவிட்டு அப்பாவின் வயலுக்கே திரும்பியிருக்கலாம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. கணக்கு எழுதத் தொடங்கி, இப்போது பாதி நாள் முழங்கால்வரை பூட்ஸில் நிற்கிறேன்.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். இங்கே எந்த வேலைக்கும் உடனே கூலி கிடைக்காது. இந்த ஆண்டின் காய் சிவந்துகொண்டிருக்கும் ஆகஸ்டிலேயே அடுத்த ஆண்டின் பூமொட்டு தண்டின் நுனியில் கட்டத் தொடங்கிவிடுகிறது. இன்று கொட்டும் மணலுக்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான் பதில் வரும். விற்ற பழத்துக்குப் பணம் வருவதுகூட அப்படித்தான். "போன மாதம் செய்தோமே, ஏன் பலன் இல்லை?" என்று கேட்கும் பழக்கத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.

1. முதலில் தண்ணீரின் வழியைப் படியுங்கள்

வயலை இங்கே 'போக்' என்பார்கள். விஸ்கான்சின் மாநிலத்துக்காரர்கள் 'மார்ஷ்' என்பார்கள். அமெரிக்க விளைச்சலில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறது என்பதால், அந்தப் பேச்சை நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எடுக்காமல் இருப்பது நல்லது. நெல் வயலைப் பார்த்து வளர்ந்தவருக்கு இந்த அமைப்பு பாதி புரிந்துவிடும். சுற்றிலும் கரை, உள்ளே வாய்க்கால், மேலே ஒரு குளம், கீழே ஒரு குளம், இடையில் மதகு. மதகின் இரு பக்கக் காடிகளில் மரப்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கியிருப்பார்கள். பலகை ஏறினால் தண்ணீர் ஏறும், பலகை இறங்கினால் தண்ணீர் இறங்கும். வேறு மாயம் எதுவும் இல்லை.

பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. நெல் தண்ணீரில் நின்று வளர்வது. கிரான்பெர்ரிக்கு ஈரம் வேண்டும், ஆனால் வளரும் காலத்தில் வேர் தண்ணீரில் நின்றால் அழுகிவிடும். ஆண்டில் பெரும்பகுதி வயல் காய்ந்த தரைபோலத்தான் இருக்கும். அறுவடைக்கும் குளிர்காலத்துக்கும், சில ஆண்டுகளில் பூச்சியை அடக்க வசந்தத்தில் ஒரு மாதத்துக்கும் மட்டும் நீரை நிறுத்துவார்கள்.

முதல் மாதத்தில் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மதகும் எங்கிருந்து வாங்கி எங்கே விடுகிறது என்று வரையுங்கள். பெரியவர்கள் யாரும் இதை எழுதி வைத்திருக்க மாட்டார்கள், எல்லாம் தலைக்குள்ளேயே இருக்கும். எங்கள் குளத்து நீர் பக்கத்து வயல்காரரின் அறுவடைக்கும் போகிறது. அவர் முடித்துவிட்டால்தான் கீழ்வயல் எங்களுக்கு நிறையும். இந்த ஏற்பாட்டுக்கு எழுத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. இரண்டு தாத்தாக்கள் பேசிக்கொண்டது, அவ்வளவுதான். இப்படிப்பட்ட வாய்மொழி ஏற்பாடுகளை முதலில் பட்டியல் போடுங்கள். தண்ணீர் எடுப்பதற்கு மாநிலத்தில் செய்திருக்கும் பதிவு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அதே நாளில் கேட்டுவிடுங்கள்.

பலகையை மட்டும் கேட்காமல் தொடாதீர்கள்.

2. உறைபனி இரவுக்கு எழப் பழகுங்கள்

குடும்பத்தில் உங்கள் சொல்லுக்கு மதிப்பு வர வேண்டுமானால் அது படிப்பாலோ யோசனையாலோ வராது. மே மாதத்தில் இரவு இரண்டு மணிக்கு வயலில் நின்றால் வரும்.

வயல் பள்ளத்தில் இருக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப்போலவே பள்ளம் தேடி வந்து தேங்கிவிடும். வீட்டு வாசலில் ஸ்வெட்டர் போதும் என்றிருக்கும்போதே வயலின் தாழ்ந்த மூலையில் உறைபனி விழுந்திருக்கும். அதனால் தொங்கவிட்ட வெப்பமானியை அந்தத் தாழ்ந்த மூலையில், கொடி உயரத்தில் வைக்க வேண்டும். கண்ணுக்கு வசதியான கம்பத்தில் கட்டினால் அது காட்டும் எண் பொய்.

மொட்டு எவ்வளவு தாங்கும் என்பது பருவத்தைப் பொறுத்தது. வசந்தத் தொடக்கத்தில் இறுகியிருக்கும் மொட்டு பாரன்ஹீட்டில் 18 டிகிரிவரைகூடத் தாங்கும். பூக்காம்பு கொக்கிபோல் வளைந்து தொங்கத் தொடங்கியதும் 30 டிகிரியே எல்லை, அதாவது செல்சியஸில் பூஜ்யத்துக்கு ஒரு டிகிரி கீழே. கேப் காட் கிரான்பெர்ரி விவசாயிகள் சங்கத்தின் உறைபனி எச்சரிக்கைச் சேவையில் அன்றைய இரவுக்கான கணிப்பும், மொட்டின் தாங்கும் எல்லையும் கிடைக்கும். வேர்ஹாமில் இருக்கும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகக் கிரான்பெர்ரி ஆய்வு நிலையத்தின் உதவியோடு அது நடக்கிறது. பருவம் தொடங்குமுன் சந்தா கட்டிவிடுங்கள்.

எல்லையை நெருங்கும்போது தெளிப்பான்களைத் திறக்க வேண்டும். குளிரில் தண்ணீர் ஊற்றுவதா என்று முதலில் விழித்தேன். தண்ணீர் பனிக்கட்டியாக மாறும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. மேலே தொடர்ந்து நீர் விழுந்து உறைந்துகொண்டிருக்கும்வரை, கட்டிக்குள் இருக்கும் மொட்டு உறைநிலைக்கு ஒட்டியே நிற்கும், அதற்குக் கீழே போகாது. 'தொடர்ந்து' என்பதுதான் இதில் உயிர். நடுவில் பம்பு நின்றால், ஊற்றாமலே இருந்திருக்கலாம் என்று சொல்லும்படி ஆகிவிடும். விடிந்து கட்டி உருகத் தொடங்கும்வரை நிறுத்தக் கூடாது.

என் இரண்டாவது வசந்தத்தில் நடந்ததைச் சொல்கிறேன். டார்ச்சோடு வரிசை வரிசையாக நடந்து தெளிப்பான்களைப் பார்ப்பது என் வேலை. எல்லாம் 'ஓடுகின்றன' என்று திரும்பி வந்தேன். ஒன்று மட்டும் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தது, சுழலவில்லை. அதன் கழுத்தில் ஒரு சிறு கல். சத்தம் கேட்டதே போதும் என்று நினைத்துவிட்டேன். மறுநாள் எதுவும் தெரியவில்லை. அக்டோபரில் அந்த இடத்தில் மட்டும், வெட்டி எடுத்த பீட்சாத் துண்டின் வடிவத்தில், ஒரு பழம்கூட இல்லாத பச்சைத் திட்டு. மாமனார் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதன்பிறகு என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு வளைந்த கம்பி இருக்கிறது. தெளிப்பானைக் காதால் பார்க்காதீர்கள், ஒவ்வொன்றும் ஒரு முழுச் சுற்று வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். எரிபொருள் அளவை மாலையிலேயே பாருங்கள்.

3. கோடையில் கை அரித்தாலும் சும்மா இருங்கள்

ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை பூ. வளைந்த காம்பும் பின்னால் மடிந்த இதழும், ஆங்கிலத்தில் 'கிரேன்' எனப்படும் கொக்கின் தலையைப்போல் இருப்பதால்தான் கிரேன்பெர்ரி, பிறகு கிரான்பெர்ரி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ஏக்கருக்கு ஒன்றிரண்டு தேன்கூட்டுப் பெட்டிகளை வாடகைக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். பெட்டி இருக்கும் நாட்களில் பூச்சிமருந்து விஷயத்தில் தேனீக்காரரோடு பேசாமல் எதுவும் செய்யாதீர்கள். மருந்து அடிக்க மாநில உரிமம் வேண்டும். வீட்டில் ஒருவரிடம்தான் அது இருக்கிறதென்றால், அடுத்த தேர்வுக்கு நீங்கள் பெயர் கொடுங்கள். புதியவர் குடும்பத்துக்கு உடனடியாகப் பயன்பட இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

உரம் அதிகம் போட்டால் நல்லது என்று தோன்றும். தழைச்சத்து கூடினால் தரையில் ஓடும் கொடிதான் கூடும். பூப்பது நிமிர்ந்து நிற்கும் சிறு தண்டுகளில். வயல் பச்சைப் பசேலென்று போட்டோவுக்கு அழகாக இருக்கும், பழம் குறைவாக இருக்கும், இருப்பதும் அழுகும். களைகளில் ஒன்றை மட்டும் முகம் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்: ஆரஞ்சு நூலைக் கொட்டியதுபோல் படரும் ஒட்டுண்ணிக் கொடி. நம் ஊரில் அம்மையார் கூந்தல் என்போமே, அதே இனம். கண்டால் உடனே சொல்லுங்கள். அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் தூங்கும்.

4. அறுவடை

விளம்பரங்களில் இடுப்பளவு சிவப்புக் கடலில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டு நிற்பார்களே, அது ஈர அறுவடை. செப்டம்பர் நடுவில் தொடங்கி நவம்பர் முதல் வாரம்வரை இழுக்கும். முதலில் கொடி மூழ்க நீர் விடுவார்கள். இயந்திரம் ஓடிப் பழங்களை உதிர்க்கும். பழத்துக்குள் நான்கு காற்றறைகள் இருப்பதால் மிதந்து மேலே வரும். இன்னும் கொஞ்சம் நீரை ஏற்றி, மிதவைக் கயிற்றால் வளைத்து ஒரு மூலைக்கு இழுத்து, உறிஞ்சி லாரியில் ஏற்றுவார்கள். சாறு, சாஸ், உலர்பழம் எல்லாம் இதிலிருந்து.

புதியவருக்கு ஒரே எச்சரிக்கை: தண்ணீர் நிறைந்தபின் வாய்க்கால் எங்கே இருக்கிறதென்று தெரியாது. முழங்கால் ஆழம் என்று நடந்துகொண்டே இருப்பீர்கள், அடுத்த அடியில் மார்புவரை இறங்கிவிடுவீர்கள். ரப்பர் ஆடைக்குள் அக்டோபர் தண்ணீர் நிறையும்போது மூச்சு ஒரு நொடி நின்றே போகிறது. நான் விழுந்தேன், என் கணவர் விழுந்திருக்கிறார், மாமியார் மூன்று முறை விழுந்ததாக மாமனார் கணக்கு வைத்திருக்கிறார். நீர் விடுமுன்பே வாய்க்கால் ஓரத்தில் துணி கட்டிய அடையாளக் குச்சி நடுங்கள், கையில் ஒரு நீண்ட கழி வைத்திருங்கள், ஆடையின் இடுப்புவாரைக் கட்டாமல் இறங்காதீர்கள். தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள்.

கடையில் பையில் விற்கும் புதுப்பழம் பெரும்பாலும் உலர் அறுவடையில் வருவது. மொத்த விளைச்சலில் அது சிறு பங்குதான். எங்கள் கொட்டகையில் இன்னும் ஒரு பழைய மரப் பிரிப்பான் நிற்கிறது. நல்ல பழம் பலகையில் பட்டுத் துள்ளும், அழுகியது துள்ளாது. துள்ள ஏழு வாய்ப்பு, ஏழிலும் துள்ளாதது குப்பைக்கு. பிள்ளைகளை வயலோடு ஒட்டவைக்க அதைவிட நல்ல விளையாட்டுச் சாமான் இல்லை.

5. குளிர்காலமும் மணலும்

டிசம்பரில் மீண்டும் நீரை நிறுத்துவார்கள். கொடியைக் கொல்வது வெறும் குளிரல்ல, உறைந்த மண்ணிலிருந்து நீர் எடுக்க முடியாதபோது வறட்டுகிற காற்று. பனிக்கட்டிப் போர்வை அதைத் தடுக்கும். ஆனால் கட்டிமேல் வெண்பனி கனமாக விழுந்து வெளிச்சம் மறைந்தால் உள்ளே கொடிக்கு ஆக்சிஜன் தட்டுப்படும். அப்போது கட்டிக்கு அடியிலிருக்கும் நீரை வடிக்க வேண்டிவரும். குளிர்காலம் ஓய்வு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மணல் இந்தத் தொழிலின் அடித்தளம். 1816 வாக்கில் இந்த மாநிலத்தின் கேப் காட் தீபகற்பத்தில், டென்னிஸ் ஊரில் ஹென்றி ஹால் என்பவர், கடற்கரை மணல் பறந்து விழுந்த காட்டுக் கொடிகள் செழிப்பதைக் கவனித்தார். அதிலிருந்துதான் சாகுபடியே தொடங்கியது என்பார்கள். அவருக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பிருந்தே வாம்பனோவாக் பூர்வகுடிகள் இந்தப் பழத்தைப் பறித்து உண்டு வந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்றும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அரை அங்குலம், ஓர் அங்குலம் என்று மணல் பரப்புகிறோம். பழைய தண்டு புதைந்து புது வேரும் புதுத் தண்டும் விடும், பூச்சியும் கொஞ்சம் அடங்கும். வசதியான வழி, கெட்டியாக உறைந்த கட்டிமேல் லாரியை ஓட்டி மணலைத் தூவிவிடுவது. உருகும்போது அது தானே சீராக இறங்கும். அப்படிக் கெட்டியாக உறையும் குளிர்காலம் இப்போது நம்பும்படி வருவதில்லை. கட்டியில் துளையிட்டு அளந்து பார்க்காமல் வண்டி ஏற்றும் வீரத்தை மற்றவர்களுக்கு விட்டுவிடுங்கள். தண்ணீரில் படகுமேடை வைத்தும் மணல் போடலாம், செலவு கூடும்.

6. பணம் எப்போது வரும் என்று கேளுங்கள்

'எவ்வளவு' என்ற கேள்வியைவிட 'எப்போது' முக்கியம். விலை பீப்பாய்க் கணக்கில் பேசப்படும். ஒரு பீப்பாய் 100 பவுண்டு, ஏறத்தாழ 45 கிலோ. கொட்டகையில் பீப்பாயைத் தேடாதீர்கள், அது இப்போது சொல்லில் மட்டுமே இருக்கிறது. முதலில் கேட்க வேண்டியது, பழம் யாருக்குப் போகிறது? 1930இல் மூன்று விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய ஓஷன் ஸ்பிரே இன்றும் விவசாயக் குடும்பங்களுக்குச் சொந்தமான கூட்டுறவு. வேறு சில குடும்பங்கள் தனியார் கொள்முதல் நிறுவனங்களுக்கு விற்கின்றன. இரண்டிலும் ஒப்பந்தம் வேறு, விலை வேறு, தவணை வேறு. அக்டோபரில் ஏற்றிய லாரிக்கான கடைசித் தவணை அடுத்த அறுவடைக்கு அப்பாலும் வரலாம். நிறம், அழுகல் சதவீதம் ஆகியவற்றைப் பொறுத்துத் தொகை ஏறி இறங்கும்.

மாமியாரின் கணக்கு நோட்டில் சில பக்கங்களை நான் அடிக்கடி புரட்டுவேன். 1990களின் நடுவில் பீப்பாய் 60 டாலருக்கு மேல். பலரும் கடன் வாங்கி வயல் விரித்தார்கள். 1999, 2000இல் 20 டாலருக்கும் கீழே. சந்தையில் பழம் மலையாகக் குவிந்ததால் 2000, 2001 அறுவடைகளில் எவ்வளவு விற்கலாம் என்று அரசே வரம்பு கட்டியது. அந்தப் பக்கத்தில் மாமியார் எண்களுக்குப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை, பேனா மட்டும் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. அதற்கும் முந்தைய தலைமுறைக்கு 1959. நவம்பர் 9ஆம் தேதி, கிரான்பெர்ரி சாஸோடு விருந்துண்ணும் நன்றி நவிலல் நாளுக்கு இரண்டரை வாரம் முன்பு, களைக்கொல்லி எச்சம் இருக்கலாம் என்று மத்திய அமைச்சர் ஆர்தர் ஃப்ளெமிங் அறிவிக்க, நாடு முழுக்க மக்கள் பழத்தைத் தொட மறுத்தார்கள். ஆண்டு வியாபாரமே அந்த ஒரு விருந்தை நம்பியிருந்த காலம் அது.

ஆகவே ஓர் ஆண்டுச் செலவுக்கான பணம் கையில் இல்லாமல் புதிய கடன் எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள். குடும்பத்தில் யாராவது ஒருவர் வெளிவேலையில் இருப்பது கௌரவக் குறைவல்ல. மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் அந்த வேலையிலிருந்துதான் வருகிறது.

7. தாத்தாவின் கொடியைப் பிடுங்கலாமா?

இதைப்பற்றித்தான் சண்டை வரும். எர்லி பிளாக், ஹவ்ஸ் ஆகிய பழைய ரகங்கள் ஏக்கருக்கு 100, 150 பீப்பாய் கொடுக்கும். கிரிம்சன் குவீன், முலிகா குவீன் போன்ற புதிய கலப்பினங்கள் நன்றாக வந்தால் 300ஐத் தாண்டும். கணக்கில் பார்த்தால் கேள்விக்கே இடமில்லை. ஆனால் பிடுங்கி, சமன்செய்து, மணலிட்டு, புதிதாக நட ஏக்கருக்குப் பல பத்தாயிரம் டாலர் ஆகும். மூன்றாம் ஆண்டில்தான் சொல்லிக்கொள்ளும்படி பழம் வரும். அந்த இடைவெளியை யார் வருமானத்தில் தாண்டுவது?

என் கருத்து: வீட்டின் மிக மோசமான, தண்ணீர் சரியாக வடியாத வயலில் தொடங்குங்கள். அங்கே யாருக்கும் பெரிய பாசம் இருக்காது. எங்கள் வீட்டில் நான்கு ஏக்கர் மாற்றினோம். தாத்தாவின் வயலை விட்டுவைத்திருக்கிறோம், அந்தப் பழத்தின் ஆழ்ந்த நிறத்துக்கும் வாங்குவோர் உண்டு என்பதைக் காரணமாகச் சொல்லிக்கொள்கிறோம்.

8. சொத்துப் பேச்சை ஆள் இருக்கும்போதே பேசுங்கள்

ஓர் ஏக்கர் வயலைச் சுற்றி குளம், காடு, மணல்மேடு என்று சில ஏக்கர் இருக்கும். வயலில் உழைக்கும் பிள்ளைக்கு அது தண்ணீரும் மணலும். பாஸ்டனில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு அது வீட்டுமனை. இருவரும் நல்லவர்களே. மேட்டை விற்றுவிட்டால் வயல் மட்டும் பிழைக்காது என்பதை யாராவது வரைபடத்தை விரித்துக் காட்ட வேண்டும். முதல் படியில் வரைந்தீர்களே, அந்தக் காகிதம் இங்கே உதவும்.

வயலில் உழைப்பவருக்கு மாதச் சம்பளம் எழுதுங்கள். "எப்படியும் உனக்குத்தானே வரப்போகிறது" என்று இருபது ஆண்டு சம்பளமில்லாமல் உழைத்தவர், உயில் படிக்கும் நாளில் சம பங்கு கேட்கும் தங்கையை மன்னிப்பது கடினம். நிலத்துக்கு மாநிலச் சட்டத்தின் 61ஏ பிரிவின்படி விவசாய வரிச்சலுகை வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். வாங்கியிருந்தால், வேறு பயன்பாட்டுக்காக விற்கும்போது முதலில் வாங்கும் உரிமை ஊராட்சிக்கு வரும், பழைய வரியில் ஒரு பகுதியும் திருப்பிக் கேட்கப்படும். மாசசூசெட்ஸ் மரபுரிமை வரிக்கான விலக்கு 2023இலிருந்து 20 லட்சம் டாலர். கையில் காசில்லாத குடும்பம்கூட நில மதிப்பில் அந்த எல்லையைத் தாண்டிவிடலாம். பண்ணைச் சொத்தில் பழகிய வழக்கறிஞர் ஒருவரையும் கணக்காளர் ஒருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துவிட்டுப் பேசுங்கள்.

யாருமே தொடர விரும்பவில்லை என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லலாம். பிளிமத்தில் டிட்மார்ஷ் என்ற பெரிய கிரான்பெர்ரிப் பண்ணை 2010இல் சாகுபடியை நிறுத்தியது. கரைகளையும் தடுப்புகளையும் எடுத்து ஓடையை மறுபடி ஓடவிட்டார்கள். 2017இலிருந்து அது மாஸ் ஆடுபான் அமைப்பின் வனவிலங்குப் புகலிடம். ஈரநிலமாக மீட்க மாநில அரசின் திட்டமும் இருக்கிறது. மாமனாரை ஒருமுறை அங்கே அழைத்துப்போனேன். மரப்பாலத்தில் நின்று வெகுநேரம் ஓடையைப் பார்த்தார். மதகு எங்கே இருந்திருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும்போது, கீழ்வயல் மதகில் மேலிருந்து இரண்டாவது பலகை உளுத்துவிட்டது, நாளைக்கு மாற்று என்றார். என்னிடம். பதினோரு ஆண்டில் முதல் முறையாக.